முளைக்காத விதையும் சாய்ந்த நாற்றும்: வாசகர் கேள்வி – பதில்

விதை முளைக்கவே இல்லை என்று சில கடிதங்கள், முளைத்து ஒரே வாரத்தில் செத்துவிட்டது என்று சில கடிதங்கள். இரண்டையும் இந்த இதழில் சேர்த்துப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான கேள்விகளின் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: விதைக்கு நீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது மூச்சும் விட வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிய விதைப் பாக்கெட்டுகள் பாதி பாதியாக மீந்து கிடக்கின்றன. தூக்கிப் போடுவதா, விதைத்துப் பார்ப்பதா?

பதில்: எந்தப் பயிர் என்பதைப் பொறுத்தது. வெங்காய விதைக்கு ஆயுள் ஓராண்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. வெண்டையும் மிளகாயும் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். தக்காளி, கத்தரி நான்கைந்து ஆண்டு. வெள்ளரி, பூசணி வகை விதைகள் நன்றாக வைத்திருந்தால் ஐந்தைத் தாண்டியும் முளைக்கும். ஈரமும் சூடும் படாத இடத்தில் இருந்த விதைக்குத்தான் இந்தக் கணக்கு. சமையலறை அலமாரியில் அடுப்புப் பக்கமாக இருந்தவற்றுக்கு இதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊகிப்பதைவிடச் சோதித்துவிடுவது நல்லது. 20 விதைகளை எண்ணி எடுங்கள். டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பிழிந்து, இனி சொட்டாது என்ற நிலையில் விரித்து, விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டுங்கள். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். தக்காளி என்றால் எட்டாம் நாள், மிளகாய் என்றால் 14-ஆம் நாள் எண்ணிப் பாருங்கள். 16-க்கு மேல் முளைத்திருந்தால் கவலையில்லை. பத்துப் பன்னிரண்டு முளைத்திருந்தால் குழிக்கு இரண்டு விதையாகப் போடுங்கள். ஆறுக்குக் கீழே என்றால் அந்தப் பாக்கெட்டை விட்டுவிடுங்கள். அதில் முளைப்பவையும் வீரியம் குறைந்தவையாகவே இருக்கும். நாற்றங்காலில் மற்றவற்றுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வரும். சோதனையில் முளைத்த விதைகளை வீணாக்க வேண்டாம். வேர் ஒரு செ.மீ. நீளும் முன் எடுத்து, வேர் கீழ்நோக்கி இருக்கும்படி நட்டுவிடலாம்.

கேள்வி: அப்படியானால் விதைகளை எப்படிப் பாதுகாப்பது? ஃபிரிட்ஜில் வைத்தால் குளிரில் செத்துவிடாதா?

பதில்: நன்றாக உலர்ந்த காய்கறி விதை ஃபிரிட்ஜில் சாகாது, ஆயுள் கூடும். விதை ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் சுமார் இரண்டு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அதேபோல இரண்டு மடங்காகும். ஆகவே முதலில் உலர்த்துவது, பிறகுதான் குளிர்.

நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு அடைத்து வையுங்கள். பாட்டிலை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை, ஒரு மணி நேரமாவது, மூடியே இருக்கட்டும். சில்லென்று இருக்கும்போது திறந்தால் காற்றிலுள்ள ஈரம் விதை மேல் வியர்த்துப் படியும். ஃபிரிட்ஜில் வைத்தும் விதை கெட்டுப்போயிற்று என்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள்.

கேள்வி: எந்த விதையையும் ஒரு நாள் முழுக்க ஊறவைத்துத்தான் போடுகிறேன். பீன்ஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் அழுகிவிடுகிறது. ஏன்?

பதில்: ஊறவைத்ததுதான் காரணமாக இருக்கும். உலர்ந்த விதைக்குள் நீர் போனதும் உள்ளிருக்கும் கரு வேகமாக மூச்சுவிடத் தொடங்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். பாத்திரத்து நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மிகக் கொஞ்சம், அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பிறகு விதை நீரில் இருக்கிறது, ஆனால் மூச்சுத் திணறுகிறது. ஊறிய நீரில் புளித்த வாடை வந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

பீன்ஸ், பட்டாணியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் தோலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். முழுக்க நீரில் மூழ்கும்போது அந்த விரிசல் வழியே நீர் ஒரேயடியாக உள்ளே பாய்ந்து, செல்களின் சவ்வுகள் கிழிந்து, உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசியும். அந்த இனிப்பைத் தேடி மண்ணிலுள்ள பூஞ்சை வந்து சேரும். பீன்ஸை ஊறவைக்காமல் ஈர மண்ணில் நேரடியாக ஊன்றுங்கள். ஊன்றியதும் ஒருமுறை நீர் விட்டால் போதும். முளை தெரியும்வரை மண் காயாமல் இருந்தால் மீண்டும் வேண்டாம்.

ஊறவைப்பதால் உண்மையில் பலன் பெறுபவை தோல் தடித்த விதைகள். வெண்டைக்கு 12 மணி நேரம். பாகல், பீர்க்கு, புடலைக்கு 12 முதல் 24 மணி, நடுவில் ஒருமுறை நீரை மாற்றி. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இது தேவையே இல்லை. செய்தால் நாலைந்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாகல் விதையை ஊறவைத்தும் மூன்று வாரமாக அப்படியே கிடக்கிறது. தோண்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது.

பதில்: ஓடு நீரை உள்ளே விடவில்லை. பாகல் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனை சற்றுக் குறுகி, அங்கே ஓட்டின் இரு பாதிகளும் சேரும் கோடு தெரியும். வேர் வெளிவரும் வாய் அதுதான். நகவெட்டியால் அந்த முனையின் ஓரத்தில் ஓட்டை மட்டும் லேசாக விரிசல்விடச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் பருப்பில் வெட்டுப் படக்கூடாது. பிறகு ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் நாலைந்து நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். சங்குப்பூ போன்ற வழவழப்பான கடின விதைகளுக்கு உப்புத்தாளில் நாலைந்து முறை தேய்த்தாலே போதும். மேற்பரப்பின் பளபளப்பு ஓரிடத்தில் போனால் நீருக்கு வழி கிடைத்துவிடும்.

வெப்பத்தையும் கவனியுங்கள். பாகல், மிளகாய், கத்தரி மூன்றும் சூடு விரும்பிகள். மண் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் ஒழுங்காக முளைக்கும். 18-க்குக் கீழே போனால் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும், அல்லது அழுகும்.

கேள்வி: தென்னைநார்க் கழிவில் மட்டும் விதைக்கலாமா? தோட்டத்து மண்ணையே போட்டால் என்ன?

பதில்: தோட்டத்து மண்ணைத் தனியாகக் குழித்தட்டில் போட்டால் இரண்டே முறை நீர் விட்டதில் செங்கல்லாக இறுகிவிடும். தரையில் மண்ணுக்குக் கீழே மண் இருக்கிறது, நீர் இறங்கிப் போகும். மூன்று விரல் ஆழக் குழியில் அப்படி இறங்காது. நோய்க் கிருமியும் களை விதையும் கூடவே வரும் என்பது இன்னொரு காரணம்.

தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்தும் வைக்கும், காற்றுக்கும் இடம் விடும். ஆனால் அதில் உப்பு இருக்கும். கட்டியாக வாங்கியதை நேராகப் பயன்படுத்தாதீர்கள். 650 கிராம் கட்டி நாலு லிட்டர் நீரைக் குடித்து எட்டு லிட்டர் அளவுக்குப் பெருகும். பெருகிய பிறகு நிறைய நீர் ஊற்றிப் பிழிந்து, அந்தச் செந்நிற நீரைக் கொட்டிவிடுங்கள். இப்படி மூன்று முறை. முளைத்த நாற்றின் இலை ஓரம் கருகுவது பல நேரம் இந்த உப்பால்தான்.

கலவை: கழுவிய தென்னைநார்க் கழிவு 3 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு. மண்புழு உரம் ஈரமாக இறுகியிருந்தால் அரைப் பங்கு கரடுமணல் சேருங்கள். உரத்தைக் கூட்டிப் போட்டால் நாற்று கொழுக்கும் என்று நினைக்க வேண்டாம். விதை தன் முதல் வாரச் சாப்பாட்டைத் தானே சுமந்து வருகிறது. அந்த நேரத்தில் உரம் மிகுந்தால் இளவேர் கருகும்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கை போதும். கலவையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் வந்து, கையைத் திறந்ததும் உருண்டை உடையாமல் நின்று, பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒழுகினால் நீர் அதிகம், பிடியே சேராவிட்டால் குறைவு. விதை போட்ட பிறகு ஊற்றுவதைவிட, இந்தப் பதத்தில் கலந்துவிட்டு விதைப்பதுதான் நல்லது.

கேள்வி: விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது?

பதில்: விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு. தக்காளி, கத்தரி, மிளகாய் அரை செ.மீ.; வெண்டை ஒன்றரை; பீன்ஸ், பூசணி இரண்டு முதல் மூன்று செ.மீ. தூசி போன்ற விதைகளை மூடவே கூடாது. பெட்டூனியா விதை ஒரு கிராமில் பத்தாயிரம் வரை இருக்கும். அதன் வயிற்றில் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும் அளவுக்குச் சாப்பாடு கிடையாது. ஈரக் கலவையின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, கண்ணாடியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடிவிடுங்கள்.

கேள்வி: லெட்டூஸ் விதையை இரண்டு முறை வாங்கியும் முளைக்கவில்லை. கொத்தமல்லியும் கேரட்டும் அங்கொன்று இங்கொன்றுதான்.

பதில்: மூன்றுக்கும் மூன்று காரணம்.

லெட்டூஸ் விதைக்கு வெயில் காலம் ஆகாது. 30 டிகிரியைத் தொட்டால் பல ரகங்கள் உறங்கிப்போகும். செத்துவிடவில்லை, முளைக்க மறுக்கிறது. அதோடு பல ரகங்களுக்கு வெளிச்சமும் வேண்டும். 1952-இல் அமெரிக்காவில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் விதையின் மேல் சிவப்பு ஒளியையும் அதைவிட நீண்ட அலைநீளமுள்ள தொலைசிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் முளைத்தது. தொலைசிவப்பு என்றால் முளைக்கவில்லை. எத்தனை முறை மாற்றினாலும் கடைசி ஒளி எதுவோ அதுவே முடிவு செய்தது. உங்கள் வேலை எளிது: மேலாகத் தூவுங்கள், மண் போட்டு மூடாதீர்கள். ஈரத் துணியில் பரப்பி, டப்பாவில் அடைத்து, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதைத்தால் வெயிலிலும் ஓரளவு முளைக்கும்.

கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் காய். அதற்குள் இரண்டு விதைகள். தட்டையான கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்துவிட்டு விதையுங்கள், பொடியாகிவிடக் கூடாது. 8 முதல் 15 நாளில் வரும். மசாலாவுக்கு என்று விற்கும் மல்லி பழையதாகவோ சூட்டில் காய்ந்ததாகவோ இருக்கலாம். விதைக்கென்று விற்பதை வாங்குங்கள்.

கேரட் பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை எடுத்துக்கொள்ளும். அத்தனை நாளும் மேல்மண் ஒருமுறைகூடக் காயக்கூடாது. பகல் வெயிலில் அரை செ.மீ. மண் காய இரண்டு மணி நேரம் போதும்; முளைவிட்ட விதை அப்போதே செத்துப்போகும், நமக்குத் தெரியவும் தெரியாது. ஈரச் சாக்கை விரித்து மூடி வையுங்கள். ஆறாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் பச்சை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். கேரட்டைத் தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடாதீர்கள், கிழங்கு கவைவிடும்.

கேள்வி: காலையில் நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்றுகள் மாலையில் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. வாடியதோ என்று நீர் ஊற்றினேன், மறுநாள் மீதியும் போய்விட்டது.

பதில்: வாட்டம் இல்லை, நாற்றழுகல். வாடிய நாற்றில் இலை துவளும், தண்டு கெட்டியாக இருக்கும். இதில் நேர்மாறு. சாய்ந்த நாற்றின் இலையைப் பாருங்கள், இன்னும் பச்சையாகவே இருக்கும். பிறகு மண்மட்டத்தில் தண்டைப் பாருங்கள்: வேகவைத்தது போல நீர்கோத்து, பழுப்பாகி, நூல் மாதிரி இளைத்திருக்கும். அந்த இடத்தில்தான் முறிந்து விழுகிறது.

பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வழிக் கிருமிகள் காரணம். பித்தியத்தின் வித்துக்களுக்கு வால் உண்டு. மண்துகள்களுக்கு இடையே நிற்கும் நீரில் நீந்தியே அடுத்த நாற்றுக்குப் போய்ச்சேரும். நீங்கள் ஊற்றிய நீர் அதற்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டது.

வந்த பிறகு செய்ய வேண்டியது: சாய்ந்தவற்றை, சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல நாற்றையும் சேர்த்து, மண்ணோடு அள்ளி எறியுங்கள். மனம் கேட்காது, ஆனால் அந்த ஓரத்து நாற்றுகளுக்குள் கிருமி ஏற்கெனவே போயிருக்கும். தட்டைக் காற்றோட்டமான, வெளிச்சமான இடத்துக்கு மாற்றி, மேல்மண் நிறம் வெளுக்கும்வரை நீரை நிறுத்துங்கள். மீதமுள்ளவற்றுக்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விழுந்த நாற்று எழாது. நிற்பவற்றைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

அடுத்த முறை வராமல் தடுப்பதுதான் எளிது. பழைய தட்டைச் சோப்பால் கழுவி, பிளீச்சிங் திரவம் 1 பங்குக்கு 9 பங்கு நீர் கலந்து அரை மணி நேரம் மூழ்கவைத்து, நன்றாக அலசிக் காயவிடுங்கள். விதையை அள்ளித் தெளிக்காமல் வரிசையாகப் போடுங்கள். நாற்றுக்கு நாற்று இரண்டு செ.மீ. இருந்தால் காற்று நடுவே போகும். நீர் விடுவது காலையில் மட்டும். மாலை நீர் இரவெல்லாம் தண்டில் நிற்கும். முளைகள் பாதி வெளிவந்ததும் மேலே போட்ட மூடியை எடுத்துவிடுங்கள். விதைநேர்த்தியும், அதாவது விதைக்கும் முன் விதையின் மேல் காப்புப் பொடி பூசுவதும், செய்யலாம்: ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் 10 கிராம் என்பது வழக்கமான அளவு. வீட்டுக்கு ஒரு பாக்கெட் விதையில் சில சொட்டு நீர் தெளித்து, ஒரு சிட்டிகை பொடியில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் ஆயிற்று. இவை நல்ல பூஞ்சையும் பாக்டீரியாவும். காப்பர் மருந்தோடு சேர்த்துக் கலந்தால் அவையே செத்துப்போகும்.

பாக்கெட்டிலேயே விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது என்று பொருள். அதற்கு மேலும் விதைநேர்த்தி வேண்டாம். வெறுங்கையால் தொடாதீர்கள், மிஞ்சியதைப் பறவைகளுக்குப் போடக் கூடாது.

கேள்வி: கலவையின் மேல் வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்திருக்கிறது. இதுவும் அந்த நோயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மட்கிய பொருளைத் தின்னும் சாதாரணப் பூஞ்சை. நாற்றைத் தாக்காது, ஆனால் ஈரம் அதிகம் என்று உங்களுக்குச் சொல்கிறது. குச்சியால் மேல்மண்ணைக் கிளறிவிட்டு, ஒருநாள் நீரை நிறுத்தி, காற்றுப் படவிடுங்கள்.

கேள்வி: ஜன்னலோரம் வைத்த நாற்றுகள் ஒரு சாண் நீளத்துக்கு ஒல்லியாக வளர்ந்து தலை தொங்குகின்றன. உரம் போதவில்லையா?

பதில்: உரம் போட்டால் இன்னும் நீளும். போதாதது வெளிச்சம். நம் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத்தான் தெரியும். கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, செடி அப்படிச் செய்ய முடியாது. வெளிச்சம் குறைந்தால் இன்னும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறோம் என்பது போல, இலையை விட்டுவிட்டுத் தண்டை நீட்டும். அறை சூடாகவும் இருந்தால் வேகம் இரட்டிப்பு.

முதல் முளை தெரிந்த அன்றே தட்டை வெளியே, காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படும் இடத்தில் வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலே நீண்டுவிடும். நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. வெளியே இடமில்லை என்றால் வெள்ளை எல்.இ.டி. விளக்கை நாற்றுக்கு 15 முதல் 30 செ.மீ. மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். இரவு பகலாக எரிய வேண்டாம். இருளே இல்லாமல் வைத்தால் தக்காளி இலை மஞ்சளிக்கும். தினமும் ஓரிரு முறை நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் பத்து இருபது தடவை மெல்ல வருடிவிடுவதும் உதவும். காற்றில் ஆடும் செடி குட்டையாகத் தடிப்பது போலவே இதற்கும் தடிக்கும்.

நீண்டவை தக்காளி என்றால் காப்பாற்றலாம். பெரிய கப்பில் வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலை) வரைக்கும் தண்டைப் புதைத்து நடுங்கள். புதைந்த தண்டு முழுக்க வேர்விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த அளவு ஆழம் வேண்டாம். வெள்ளரி, பூசணி நீண்டுவிட்டால் புதிதாக விதைப்பதே மேல், அவை வளர்ந்து பிடிக்க ஒரு வாரம் போதும்.

கேள்வி: முளை வந்துவிட்டது, ஆனால் விதைத்தோல் தொப்பி போல இலையின் மேல் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

பதில்: உலர்ந்திருக்கும்போது பிய்த்தால் இலையோடு வந்துவிடும். ஒரு சொட்டு நீரை அதன் மேல் வைத்து, அரை மணி கழித்து, ஊறியதும் விரல் நுனியால் நழுவவிடுங்கள். ஆழம் குறைவாக விதைத்தால் இப்படி ஆகும். மண்ணின் உராய்வில்தான் தோல் கழன்று கீழே தங்க வேண்டும்.

கேள்வி: முட்டை ஓட்டிலும் செய்தித்தாள் கப்பிலும் விதைப்பதைப் பார்க்கிறேன். நல்லதா?

பதில்: முட்டை ஓடு பார்க்க அழகு. அதில் பிடிப்பது இரண்டு மூன்று மேசைக்கரண்டி மண். பத்து நாளில் வேர் முட்டி நின்றுவிடும். ஓட்டோடு நட்டால் வேர் அதை உடைக்கத் திணறும். விதைக்க விருப்பம் என்றால் நடும்போது ஓட்டை நொறுக்கி எடுத்துவிடுங்கள்.

செய்தித்தாள் கப்பை நாங்கள் பரிந்துரைப்போம், குறிப்பாக வேரைத் தொட்டால் முரண்டு பிடிக்கும் வெள்ளரி, பூசணி, பாகலுக்கு. கப்போடு அப்படியே நடலாம். ஆனால் கப்பின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெளியே நிற்கும் தாள் திரி போல உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். கிழித்துவிட்டு முழுக்கப் புதையுங்கள்.

கேள்வி: கறிவேப்பிலைப் பழத்து விதையைக் காயவைத்துப் பத்திரமாக எடுத்து வைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில்: காயவைத்ததுதான் பிழை. சில மரங்களின் விதைகள் காய்ந்தால் செத்துவிடும். கறிவேப்பிலை, மா, பலா, நாவல் எல்லாம் இந்த இனம். மேலே சொன்ன ஃபிரிட்ஜ், சிலிகா ஜெல் எதுவும் இவற்றுக்கு ஆகாது. கறுத்துப் பழுத்த கறிவேப்பிலைப் பழத்தை எடுத்து, தோலையும் சதையையும் நீரில் பிசைந்து கழுவி, அன்றோ மறுநாளோ ஒரு செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். நிழலில் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும்.

கேள்வி: ஹைபிரிட் தக்காளி பிரமாதமாகக் காய்த்தது. அதன் விதையையே எடுத்து வைத்தேன். இந்த முறை ஒரு செடி போல ஒன்று இல்லை.

பதில்: விதை பழுதல்ல, மரபு அப்படி. எஃப் 1 என்று போட்டிருந்தால் இரண்டு வேறு பெற்றோரைச் சேர்த்த முதல் தலைமுறை. எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கும். அதன் விதையில் இரு பெற்றோரின் குணங்களும் பிரிந்து மறுபடி கலக்கும். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கில், கலப்பின் அடுத்த தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. அது ஒரே ஒரு குணத்துக்கு. தக்காளியில் நிறம், அளவு, நோய் எதிர்ப்பு என்று எத்தனையோ குணம் ஒரே நேரத்தில் பிரியும்.

விதை எடுப்பது நோக்கமென்றால் நாட்டு ரகமோ, ஹைபிரிட் அல்லாத தேர்வு ரகமோ போடுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் ரகம் அவ்வளவாகக் கலக்காது. நன்றாகப் பழுத்த பழத்தின் விதைக்கூழைக் கிண்ணத்தில் எடுத்து, கொஞ்சம் நீர் விட்டு, இரண்டு மூன்று நாள் மூடாமல் வையுங்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பான உறை முளைப்பைத் தடுப்பது. புளிக்கும்போது அது கரையும். மேலே மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய விதையை வடிகட்டிக் கழுவி, தட்டில் பரப்பி உலர்த்துங்கள். மூன்று நாளுக்கு மேல் விட்டால் கிண்ணத்திலேயே முளைவிடும்.

கேள்வி: அதேபோல சுரைக்காய் விதையும் எடுத்து வைக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் இதில் எச்சரிக்கை தேவை. சுரை, பூசணி வகைகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு; தேனீ எங்கிருந்து மகரந்தம் கொண்டுவரும் என்று நமக்குத் தெரியாது. அதே இனத்தின் காட்டு ரகத்தோடோ அழகுக்கு வளர்க்கும் ரகத்தோடோ கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைக் காயில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு ஏறலாம். வேகவைத்தாலும் போகாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வீட்டு விதையில் வந்த சுரை, பூசணி, வெள்ளரியைச் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயையும் செடியையும் அகற்றிவிடுங்கள்.

இனம் கலக்காமல் விதை வேண்டுமென்றால், பூ மலரும் முன்னரே ஒரு பெண் மொட்டையும் ஒரு ஆண் மொட்டையும் நூலால் கட்டிவிட்டு, மலரும் நேரத்தில் நீங்களே மகரந்தத்தைத் தொட்டு வைத்து மறுபடி கட்டிவிடுங்கள். சுரைப் பூ மாலையில் மலரும், பூசணிப் பூ விடியற்காலையில்.

கேள்வி: கீரை விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

பதில்: தட்டை நாலு கால் ஸ்டாண்டில் வைத்து, ஒவ்வொரு காலையும் நீர் நிறைந்த கிண்ணத்தில் நிறுத்துங்கள். சுவரையோ செடியையோ தட்டு தொடக் கூடாது. கீரை விதையைப் பத்து மடங்கு உலர்மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்துவிடும், அதுவரை காவல் போதும்.

கேள்வி: நாற்றை எப்போது, எப்படி எடுத்து நடுவது? நட்ட இரண்டாம் நாளே இலை வெள்ளைவெள்ளையாகக் காய்ந்துவிடுகிறது.

பதில்: தக்காளி 25 முதல் 30 நாள், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 35 முதல் 45. நாள் கணக்கைவிட வேரை நம்புங்கள். குழியின் அடியில் விரலால் அழுத்தி ஒரு நாற்றை வெளியே தள்ளிப் பாருங்கள். வெள்ளை வேர் மண்ணைச் சுற்றிப் பிடித்து, கட்டி உதிராமல் முழுசாக வந்தால் இன்றைக்கே நடலாம். மண் உதிர்ந்தால் இன்னும் ஐந்து நாள். வேர் பழுப்பேறி வட்டமாகச் சுற்றியிருந்தால் தாமதமாகிவிட்டது; அடிவேரை விரலால் பிரித்துவிட்டு நடுங்கள். வித்திலை மஞ்சளாகி உதிர்வது இயல்பு, அதற்கு மேலே இரண்டாவது மூன்றாவது இலையும் வெளிறினால் மட்டும் திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்குக்குக் கரைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள்.

இலை வெளுத்தது வெயில் காயம். நிழலில் வளர்ந்த இலை நேரடி வெயிலைப் பார்த்ததே இல்லை. நடுவதற்கு ஏழெட்டு நாள் முன்பே பழக்க வேண்டும்: முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி, பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்டி, கடைசி இரண்டு நாள் முழுக்க வெளியே. இந்த நாட்களில் நீரையும் கொஞ்சம் குறைத்து, இலை துவளத் தொடங்கும் முன் விடுங்கள்.

நடுவது மாலையில். இரண்டு மணி நேரம் முன்பாகத் தட்டுக்கு நீர் விட்டுவிடுங்கள். நாற்றை இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். ஓர் இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் அந்த நாற்று அவ்வளவுதான். குழியில் வைத்து, சுற்றி மண்ணை விரலால் அணைத்து, வேரும் மண்ணும் ஒட்டும் அளவுக்கு உடனே நீர் ஊற்றுங்கள். அடுத்த மூன்று நாள் நண்பகலில் மட்டும் ஓர் அட்டையோ ஓலையோ சாய்த்து நிழல் கொடுங்கள். நாலாம் நாள் நடுக்குருத்தில் புதுப்பச்சை தெரிந்தால் அட்டையை எடுத்துவிடலாம்.